ஆண்டுக்கு நான்கு வேளை

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்?

யோசிக்கவே வேண்டாம், அம்மாதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போகிறவருக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் பசியாறக் கொடுத்து, தானும் வேலைக்குப் போய் வந்து, இரவில் எல்லாருக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர் அவர். வீட்டுக்காரராவது சம்பளம் போட்ட நாளில் கடையில் உட்கார்ந்து ஒரு ரொட்டி சானாய் சாப்பிடுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை.

சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பினாங்குக்குப் போய், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவது. அன்றைக்கு அவள் கரண்டியைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. 'வாத்தியாருக்கு வசதி இருக்கிறது' என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கைப் பிறகு தருகிறேன்.

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி அக்கரையில் இறங்கினால், சிறிது தூர நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வந்துவிடும். பழைய ஆட்களுக்கு அது பிட் ஸ்திரீட். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் மைதீன் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. அதே வரிசையில் சீனர்களின் குவான் யின் கோயில். ஒரு முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பக்கத்துக் குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில். ஜார்ஜ்டவுன் 2008இல் உலக மரபுடைமை நகரமானதற்கு இப்படிப்பட்ட தெருக்களே காரணம்.

முதல் வேளை, பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார். 'கண்டார்' என்றால் தோளில் சுமக்கும் காவுத்தடி. ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியுமாகத் தூக்கிக்கொண்டு, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்குத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் விற்ற சாப்பாடு அது. கேம்பெல் ஸ்திரீட்டில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா கடையும் அந்த வழியில் வந்ததுதான். ஆக, இன்று ஊரெல்லாம் வரிசை பிடித்துச் சாப்பிடுவது உழைப்பாளியின் சோறு என்பதை மறந்துவிடாதீர்கள்.

"பொட்டலம் கட்டி வாங்கிக்குவோம்ங்க, வீட்டுல போய் உங்களுக்கு வச்சிட்டு நான் சாப்பிட்டுக்கிறேன்" என்றாள் என் மனைவி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் முறை வந்தது. "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கடைக்காரர் கேட்டார். அவள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு கணவாய்ச் சம்பலைக் காட்டினாள். எங்கள் வீட்டில் கணவாய் சமைப்பதே இல்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்காது. அவளுக்கு அது உயிர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்கு குழம்பையும் சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். செலவு 28 வெள்ளி. (இறால், கணவாய், மீன்முட்டை எடுத்தால் விலையை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது, மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, 26 வெள்ளி. எனக்குச் சாம்பார் போதவில்லை என்று அவள் எழுந்தே விட்டாள். "நீங்க உட்காருங்கம்மா, அது எங்க வேலை" என்றார் பரிமாறியவர். மூன்றாவது, தெருவோரத்தில் மீ கோரிங்கும் தே தாரிக்கும், 20 வெள்ளி.

நான்காவது எங்கள் திருமண நாள். வெள்ளை விரிப்புப் போட்ட ஒரு ஓட்டலுக்குப் போனோம். விலைப்பட்டியலை என்னிடம் மட்டும் நீட்டினார்கள். நான் அதை அவளிடம் கொடுத்தேன். அவள் நிதானமாகப் படித்து, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இருவருக்கும் அவளே சொன்னாள். 140 வெள்ளி ஆயிற்று. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, வரி 6 விழுக்காடு என்று பொருள். நூறு என்பது 116 ஆகும். தெரிந்துகொண்டு போனால் பயமில்லை.

வெள்ளை விரிப்பில்தான் உயர்ந்த சாப்பாடு இருக்கிறது என்று எண்ணவேண்டாம். அந்தச் சாலையோடு சேரும் பிஷப் ஸ்திரீட்டில் ஆன்ட்டி கேக் லீன் என்னும் மூதாட்டியின் கடை இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற மிஷலின் வழிகாட்டி 2022 டிசம்பரில் அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. அங்கே கிடைப்பது வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த நியோஞா சமையல்தான். பெண்களின் அடுப்படிக்கு உலகமே நட்சத்திரம் சூட்டும்போது, நாம் ஒரு நாற்காலியாவது போடவேண்டாமா?

இப்போது கணக்கு. நான்கு வேளைக்கும் சேர்த்து 214 வெள்ளி. தினம் 60 காசு உண்டியலில் போட்டால் ஆண்டில் 219 வெள்ளி சேரும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல்தான் 1,700 வெள்ளி ஆனது. அதில் குடும்பம் நடத்துகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். ஓட்டலை விட்டுவிடுங்கள். மற்ற மூன்று வேளைக்கும் 74 வெள்ளிதான், தினம் ஏறத்தாழ 20 காசு.

"இந்தக் காசுக்கு மூணு நாள் கறி ஆக்கலாமே" என்று வீட்டுக்கார அம்மாவே சொல்லுவார். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அந்த மூன்று நாள் கறியையும் ஆக்கப்போவது யார்? அவர் தம் உழைப்பை மட்டும் கணக்கில் எழுதுவதில்லை. நாம்தான் எழுதவேண்டும். பிள்ளைகள் கோபித்துக்கொண்டால் இன்னொரு நாள் கூட்டிப்போகலாம். முதல் பயணம் நீங்கள் இருவர் மட்டும்.

போய் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்தக் கடை, எவ்வளவு செலவு என்பதெல்லாம் வேண்டாம். அம்மா எதைக் கேட்டு வாங்கினார் என்று மட்டும் எழுதுங்கள்.