நெல் விளைந்த மண்ணில் கல் விளையலாமா?

தஞ்சையிலிருந்து வெளியே போகும் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஒரு காட்சி தெரியும். ஒரு பக்கம் பச்சை வயல். அடுத்த பக்கம் வரிசையாக நட்ட எல்லைக் கற்கள். நேற்று நாற்று நட்ட இடம், இன்று வீட்டுமனை!

குடும்பம் பெருகினால் வீடு வேண்டும். அதில் குற்றமில்லை. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதே கேள்வி.

மழைநீரைச் சேமித்து, வெயிலில் மின்சாரம் எடுத்து, காற்றும் வெளிச்சமும் வரும்படி கட்டுவது பசுமைக் கட்டடம். அப்படிக் கட்டுகிறவர்களுக்குச் சில நகரங்கள் சலுகை தருகின்றன. டில்லியை அடுத்த நொய்டாவில், தரச் சான்று பெற்றால் வழக்கமான அளவைவிடக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். புனே மாநகராட்சி சொத்து வரியைக் குறைக்கிறது.

தஞ்சைக்கு எது ஏற்றது? வரிக் குறைப்புதான். பெரிய கோவிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்டவேண்டும். 2010-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அப்படிச் சொல்கிறது. அங்கே மாடிமேல் மாடி என்ற சலுகையால் யாருக்கு லாபம்? வரி குறைந்தாலோ, ஓட்டு வீட்டுக்காரருக்கும் பயன் உண்டு.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம். ஆனால் கட்டிய குழி தூர்ந்து கிடந்தால் தண்ணீர் எப்படி இறங்கும்? ஆண்டுதோறும் பார்த்து, குழியைச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு வரியைக் குறைக்கட்டும். சட்டத்துக்குப் பயந்து செய்வதை, ஆசையோடு செய்வார்கள்!

ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும். நஞ்சையை மேடாக்கிக் கட்டிய வீட்டுக்குச் சலுகை கூடாது. கூரையில் சூரியத் தகடு மின்னினாலும் அது பசுமை வீடு ஆகாது. வயல் நெல்லை மட்டுமா தருகிறது? அடைமழையைத் தாங்கி, பூமிக்குள்ளும் இறக்குகிறது. வயலைத் தூர்த்தால் அந்தத் தண்ணீர் அடுத்த தெருவுக்குள் புகும்.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய்க் கிணறு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை ஆகியவற்றுக்குத் தடை. நல்ல சட்டம். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை!

சட்டம் விட்ட இடத்தைச் சலுகை நிரப்பலாம். ஊருக்குள் இருக்கும் பழைய மனையில், முற்றமும் மரமும் விட்டுக் கட்டுகிறவருக்கு வரி குறையட்டும். வயலைத் தூர்ப்பவருக்கு ஒரு காசும் குறைய வேண்டாம்.

வீட்டை எங்கேயும் கட்டலாம். காவிரி வண்டல் படிந்த வயலை யாராலும் கட்ட முடியாது.