கொப்புளத்துக்குக் கணக்கு எங்கே?

புது தில்லி: அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் உடலில் சில நாள்களில் தடிப்போ கொப்புளமோ தோன்றினால், அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஒட்டுப்பட்டை, கிருமிநாசினி, ஆன்டிபயாடிக் மருந்து ஒவ்வாமல் போகலாம். எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்புகளில் உறங்கிக் கிடந்து, உடல் தளரும்போது அக்கியாக வெளிப்படலாம். அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் அதன் மீதும் சந்தேகம் எழும்.

இச்சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. முகத்தில் அழகுக்காக 'ஃபில்லர்' ஊசி போட்டிருந்த மூவருக்கு, மாடர்னா தடுப்பூசிக்குப் பின் முகமோ உதடோ வீங்கியதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 டிசம்பரில் பதிவு செய்தது. சுமார் 30 ஆயிரம் பேர் பங்கேற்ற சோதனையில் மூவரே என்பதால் தடுப்பூசியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. ஆனால், அந்த மூவரும் கணக்கில் வந்தனர் என்பதே கவனிக்கத்தக்கது.

இங்கு நிலைமை வேறு. தடுப்பூசி பாதிப்புகளுக்கு ஓர் அமைப்பு. மருந்துகளின் பக்கவிளைவுகளுக்கு 2010-இல் தொடங்கிய மற்றொரு திட்டம். இரண்டுக்கும் இடையே நோயாளி நிற்கிறார். கொச்சி மட்டாஞ்சேரியில் மசாலா மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், அவர் யாரிடம் புகார் செய்வார்?

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் எறணாகுளம். அங்குள்ள கேரள உயர் நீதிமன்றம், கோவிட் தடுப்பூசியின் பின்விளைவால் நேரும் மரணங்களைக் கண்டறிந்து இழப்பீடு வழங்க நெறிமுறை வகுக்குமாறு 2022 செப்டம்பரில் உத்தரவிட்டது. விவகாரம் பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றது. மரணத்துக்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தபோது, கொப்புளத்தை யார் பொருட்படுத்துவர்?

தனிநபரும் தனியார் மருத்துவரும் பாதிப்புகளை நேரடியாகத் தெரிவிக்க வழி செய்ய வேண்டும், அவ்விவரங்களை அந்தரங்கம் காத்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2022 மே 2-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிரிட்டனில் நோயாளிகளே நேரடியாகத் தெரிவிக்கும் வசதி 2005-இலேயே வந்துவிட்டது.

நாடாளுமன்றத்துக்கு இது புதிய விஷயமல்ல. எச்பிவி தடுப்பூசி ஆய்வில் நடந்த குளறுபடிகளை நிலைக்குழு 2013-இல் கடுமையாகச் சாடியது. வந்த புகார்கள் எத்தனை, விசாரித்தவை எத்தனை, முடிவு என்ன என்று தமிழக, கேரள உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் கேட்க வேண்டும். தடுப்பூசி மீதான நம்பிக்கை, கணக்கை மறைப்பதால் வளராது, காட்டுவதால்தான் வளரும்.