பாட்டு மாறியது, நிகழ்ச்சி நின்றது!
நள்ளிரவில் முழங்கிய கித்தாரின் கதை

சனிக்கிழமை நள்ளிரவு. ஊர் உறங்கும் நேரம். ஆனால், அமெரிக்க வாலிபர்கள் பலர் உறங்க மாட்டார்கள். டெலிவிஷன் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் காத்திருந்த நிகழ்ச்சியின் பெயர் "ஹெட்பேங்கர்ஸ் பால்". எம்.டி.வி. என்ற டெலிவிஷன் நிறுவனம் 1987-ம் ஆண்டு இதைத் தொடங்கியது.

"ஹெட்பேங்கர்" என்றால் பாட்டுக்கு ஏற்பத் தலையை வேகமாக ஆட்டுபவர். "பால்" என்றால் நடன விருந்து.

"ஹெவி மெட்டல்" என்ற இசைக்காகவே நடந்த நிகழ்ச்சி இது. இந்த இசையில் மின்சாரக் கித்தார் அலறும். டிரம் இடிபோல முழங்கும். ரசிகர்கள் சாமி வந்தவர்களைப் போலத் தலையை ஆட்டுவார்கள்!

முடியும் மினுக்கும்

அந்தக் காலத்தில் இந்த இசைக் குழுவினர் நீண்ட முடி வளர்த்தார்கள். பலர் முகத்துக்கு மை தீட்டி, பளபளக்கும் உடை அணிந்தார்கள். மாட்லி குரூ, பாய்சன் போன்ற குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன.

1990-ம் ஆண்டு ரிக்கி ராக்ட்மேன் என்பவர் நிகழ்ச்சியை நடத்த வந்தார். இவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இரவு விடுதி நடத்தியவர். ரசிகர்களில் ஒருவர் போலவே பேசினார்.

கவுன் அணிந்து வந்தார்!

1991-ம் ஆண்டு காற்று திசை மாறியது.

சியாட்டில் நகர வட்டாரத்தில் இருந்து "நிர்வாணா" என்ற குழு புறப்பட்டது. அவர்களிடம் மினுக்கு இல்லை. பழைய சட்டை, கலைந்த தலை. மனக்குமுறலைப் பாடினார்கள். அந்த இசைக்கு "கிரஞ்ச்" என்று பெயர்.

இந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் அதே ஆண்டு "ஹெட்பேங்கர்ஸ் பால்" நிகழ்ச்சிக்கு வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? பெண்கள் நடன விருந்துக்கு அணியும் மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தார்! நடன விருந்து என்ற பெயரைக் கேலி செய்தார்.

1992 ஜனவரியில் நிர்வாணாவின் "நெவர்மைண்ட்" இசைத்தட்டு, மைக்கேல் ஜாக்சனின் இசைத்தட்டைப் பின்னுக்குத் தள்ளி, அமெரிக்க விற்பனையில் முதல் இடத்தைப் பிடித்தது.

இரண்டும் கெட்டான்

நிகழ்ச்சிக்குச் சங்கடம் வந்தது. பழைய பாட்டையே போட்டால், "காலத்துக்கு ஒவ்வாதது" என்பார்கள். புதிய பாட்டைப் போட்டால் பழைய ரசிகர்கள் கோபிப்பார்கள்.

கிரஞ்ச் பாட்டுகளும் இந்த நிகழ்ச்சியில் புகுந்தன. ஆனால், அவற்றைப் பகலிலேயே பார்க்கலாம். அதற்கு நள்ளிரவு வரை கண் விழிப்பானேன்?

1995-ம் ஆண்டு தொடக்கத்தில் எம்.டி.வி. நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது.

செத்ததா இசை?

அப்படியானால் ஹெவி மெட்டல் செத்துவிட்டதா? இல்லை!

"மெட்டாலிகா" குழு 1991-ல் வெளியிட்ட இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கு மேல் விற்றது. 1994-ல், அதாவது நிகழ்ச்சி நிற்பதற்கு முந்திய ஆண்டில், "பேன்டேரா" குழுவின் இசைத்தட்டு வெளிவந்ததுமே முதல் இடத்துக்குப் பாய்ந்தது. பேன்டேராவின் இசை முன்னைவிடக் கடுமையானது!

செத்தது மினுக்குத்தான், இசை அல்ல. அந்த வித்தியாசத்தை நிகழ்ச்சியை நிறுத்தியவர்கள் பார்க்கவில்லை.

நஷ்டம் யாருக்கு? பெரிய குழுக்களுக்கு அல்ல. அவர்களின் பெயர் ஊரறிந்தது. சிறிய குழுக்களுக்குத்தான் நஷ்டம். அவர்களின் முகத்தை நாடு முழுவதும் காட்டிய ஜன்னல் அது. சிற்றூரில் இருந்த ரசிகனுக்கும் அதுவே ஜன்னல். அது மூடப்பட்டது.

மீண்டும் வந்தது

2003-ம் ஆண்டு இதே நிகழ்ச்சி எம்.டி.வி.யின் துணை அலைவரிசையான எம்.டி.வி.2-ல் மீண்டும் தொடங்கியது. ரசிகர்கள் எங்கும் போய்விடவில்லை என்பது அப்போது தெரிந்தது.

இன்று நள்ளிரவு வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. கையில் உள்ள செல்போனிலேயே எந்தப் பாட்டையும் கேட்கலாம்.

புதுப் பாட்டு வரும். ஊரே அதன் பின்னால் ஓடும். அதனால் பழைய பாட்டைக் கேட்க ஆள் இல்லை என்று ஆகிவிடாது. கடையை மூடுவதற்கு முன், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்லது!