ஐந்தாவது ஆளின் பெயர்

2024 மே மாதம் பஹாமாஸ் தலைநகர் நசாவில் உலக ரிலே போட்டி நடந்தது. அங்கே இந்திய ஆண்கள் 4 × 400 மீட்டர் அணிக்கு பாரிஸ் ஒலிம்பிக்ஸ் இடத்தை வாங்கித் தந்தவர்கள் முகமது அனஸ், முகமது அஜ்மல், ஆரோக்கிய ராஜிவ், அமோஜ் ஜேக்கப். மூன்று மாதம் கழித்து பாரிஸில் ஓடியவர்கள் அனஸ், அஜ்மல், அமோஜ், ராஜேஷ் ரமேஷ். ராஜிவ் பெயர் ஒலிம்பிக் பட்டியலிலேயே இல்லை.

தேர்வாளர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாலு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவர்களை உட்கார வைக்கிற பாவத்தை ஆண்டுதோறும் செய்தவன். ஆனால் உட்கார வைத்தவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

நசாவில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் விஷயம் புரியும். பாரிஸில் ஒவ்வொரு ரிலேயிலும் 16 அணிகளுக்குத்தான் இடம். அதில் 14 இடம் நசாவிலேயே முடிவானது. முதல் நாள் நான்கு ஹீட்ஸ், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகளுக்கு நேரடியாக டிக்கெட். மிச்சம் இருந்தவர்களுக்கு மறுநாள் மூன்று ஹீட்ஸ், அங்கேயும் முதல் இரண்டு அணிகள். முதல் நாள் ஆண்கள் ஓட்டத்தில் நம் அணியின் இரண்டாவது லெக் ராஜேஷ் ரமேஷ். பாதி வழியில் தசை பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டார். ஓட்டத்தை முடிக்காத அணி என்று பதிவானது.

அந்த ராஜேஷ் யார்? திருச்சி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். அதற்கு முந்தைய ஆண்டு புடாபெஸ்ட் உலகப் போட்டியில் இந்திய அணி 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்தபோது கடைசி லெக் ஓடி, அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்து நின்றவர். ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய நால்வரில் ஒருவர். தசைப்பிடிப்பு அவரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. அன்று செல்போனில் அவரைத் திட்டியவர்களில் எத்தனை பேர் ஒரு முழு 400 மீட்டர் ஓடிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கடைசி நூறு மீட்டரில் தொடை கல்லாகிப் போவதை ஓடியவனிடம் கேட்க வேண்டும்.

மறுநாள் அவர் இடத்தில் ஆரோக்கிய ராஜிவ் இறங்கினார். லால்குடி பக்கத்துக்காரர், ராணுவ வீரர். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் வெண்கலம். ஜகார்த்தா ஆசியப் போட்டியில் கலப்பு ரிலேயில் ஓடி, பஹ்ரைன் அணி ஊக்கமருந்து விவகாரத்தில் பதக்கத்தை இழந்த பிறகு தங்கத்துக்கு உயர்ந்த அணியில் இருந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடி அப்போதைய ஆசிய சாதனையைப் படைத்தும் இறுதிப் போட்டியை ஒரே ஒரு இடத்தில் தவறவிட்ட நால்வரில் ஒருவர். நசாவில் அவருக்கு 33 வயது ஆகப் போகிறது. 400 மீட்டர்காரனுக்கு அது தாத்தா வயது.

அவருக்குக் கிடைத்தது மூன்றாவது லெக். டிவியில் யாரும் கவனிக்காத லெக் அதுதான். 4 × 100 ஓட்டத்தில் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி பேட்டன் வாங்குவார்கள். 4 × 400-இல் அது நடக்காது. கொண்டு வருகிறவன் காலில் உயிர் இருக்காது, பார்த்துப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் வரிசையில் நிற்பதே ஒரு வேலை. உள்ளே ஓடி வருகிறவர்கள் 200 மீட்டரைக் கடக்கும்போது எந்த வரிசையில் இருக்கிறார்களோ, அதே வரிசையில் அடுத்தவர்களை அதிகாரிகள் நிற்க வைப்பார்கள். அப்புறம் இடம் மாறக் கூடாது. முழங்கை இடிக்கும், ஸ்பைக்ஸ் மிதிக்கும், ஒருவன் தடுமாறினால் மூன்று பேர் விழுவார்கள். பேட்டனை வாங்கிய பிறகு முதல் வளைவில் உள்பக்கம் சிக்கி மாட்டிக்கொள்ளாமல் ஓட வேண்டும். இதெல்லாம் வேகத்தால் மட்டும் வருவதில்லை. பழகியவன் வேண்டும். அதற்குத்தான் ராஜிவ்.

3 நிமிடம் 3.23 விநாடி. அமெரிக்காவுக்கு அடுத்த இடம். டிக்கெட் கிடைத்தது. அன்றைக்கே பெண்கள் அணியும் ரூபல் சவுத்ரி, பூவம்மா, ஜோதிகா, திருச்சிப் பெண் சுபா வெங்கடேசன் என்ற வரிசையில் ஓடி, ஜமைக்காவுக்கு அடுத்து வந்து இடம் பிடித்தது. பாரிஸ் பட்டியலில் ரூபலும் இல்லை.

ரிலே இடம் நாட்டுக்குச் சொந்தம், ஓடினவருக்கு அல்ல. ஒலிம்பிக்ஸ் நெருங்கும்போது யார் வேகமாக ஓடுகிறாரோ அவரைத்தான் அனுப்ப வேண்டும். ராஜேஷை அனுப்பியது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அணி பாரிஸில் இறுதிப் போட்டிக்குப் போகவில்லை என்பது வேறு கதை. என் வருத்தம் அதற்குப் பிறகு வருவது. ஒலிம்பிக்ஸ் போனவர் என்றால் ஊரில் பேனர், மாலை, மேடை. ஒலிம்பிக்ஸ் போக வழி செய்தவர் என்று ஒரு வகையே நம்மிடம் கிடையாது.

இந்தப் பழக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் ஆரம்பிக்கிறது. குறுவட்டப் போட்டியிலிருந்தே ரிலே நுழைவுப் படிவத்தில் ஆறு பெயர் எழுதித்தான் கொடுத்திருக்கிறேன். நாலு பேர் ஓடுவார்கள், இரண்டு பேர் ரிசர்வ். அந்த இரண்டு பையன்களும் மற்றவர்களோடு சேர்ந்து விடிகாலையில் வருவார்கள், அதே பயிற்சி, அதே வார்ம் அப். ஸ்பைக்ஸ் கட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் நிற்பார்கள். ஒருவனுக்குக் கால் பிசகினால் பத்து நிமிடத்தில் இறங்க வேண்டும். எங்கள் அணி ஒருமுறை மாவட்ட மீட்டில் ஜெயித்தபோது, ஹீட்ஸில் ஓடிவிட்டு ஃபைனலில் உட்கார்ந்த பையனுக்குச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நாலு அட்டைதான் அச்சடித்திருந்தார்களாம். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கிறவனுக்கு அந்த அட்டைதான் சொத்து. அடுத்த வருடம் அவன் ரிலேக்கு வர மறுத்துவிட்டான். அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

ஒலிம்பிக்ஸிலும் உலகப் போட்டியிலும் ரிலே ஹீட்ஸில் மட்டும் ஓடியவருக்கும் பதக்கம் உண்டு. அங்கே இருக்கிற நியாயம் நம் மாவட்ட மைதானத்துக்கு மட்டும் ஏன் வரவில்லை?

ஒரு மறுப்பு வரும், அது பொய்யான மறுப்பும் அல்ல. ஓடாதவனுக்கும் சான்றிதழ் கொடுத்தால், ஓடவே தெரியாதவன் பெயரெல்லாம் படிவத்தில் ஏறும். உண்மைதான். "மாஸ்டர், ரிசர்வ்ல பேரை மட்டும் போட்டுருங்க, போதும்" என்று வீட்டு வாசலில் வந்து நின்ற அப்பாக்களை எனக்குத் தெரியும். அதனால் ஹீட்ஸில் ஓடியவனையும் ஓடாத ரிசர்வையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. ஹீட்ஸில் ஒரு லெக் ஓடியிருந்தால் முழுச் சான்றிதழ். ஓடாத ரிசர்வ் என்றால், சீருடையோடும் ஸ்பைக்ஸோடும் ஓட்டத்துக்கு முன் பெயர் பதியும் அழைப்பு அறைக்கு நேரத்துக்கு வந்து பதிவு செய்திருந்தால் மட்டும், "ரிசர்வ்" என்று அச்சிட்ட சான்றிதழ். ஒதுக்கீட்டு மதிப்பெண்ணும் அதற்கேற்பக் குறைவாக இருக்கட்டும். நடுவர் கையெழுத்து ஏற்கனவே அந்தப் பதிவுத் தாளில் இருக்கிறது. கூடுதலாக வேண்டியது இரண்டு அட்டை.

அரசு ஊக்கத்தொகைக்கும் இதையே கேட்கிறேன். தகுதிச் சுற்றில் ஓடி நாட்டுக்கு ஒலிம்பிக் இடம் வாங்கித் தந்தவருக்கு, அவர் ஒலிம்பிக்ஸ் போனாலும் போகாவிட்டாலும், தனியாக ஒரு தொகை. ராஜிவில் தொடங்கலாம், ரூபலின் மாநிலமும் யோசிக்கலாம்.