துருவின் மேல் பட்டி பூசாதீர்கள்



போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் மாருதி வேனின் படத்தைப் போட்டிருந்தேன். தரைத்தகடு இல்லாமல், கதவு இல்லாமல், எலும்புக்கூடு மாதிரி நிற்கும் படம். வந்த பதில்களையெல்லாம் படித்தேன். பழைய மாணவிகள் சிலர் "சார், இந்த வண்டியிலதானே எங்களை அறிவியல் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனீங்க" என்று எழுதியிருந்தீர்கள். கண் கலங்கிவிட்டது, நன்றி. ஆனால் மீதிப் பேர் எழுதியதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நகர்ந்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மீதிப் பேர் இரண்டு கட்சி. சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் மகன் காயலாங்கடைக் கட்சி. "சித்தப்பா, காயலாங்கடைக்குப் போட்டுட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்குங்க, நான் பணம் அனுப்புறேன்" என்கிறான். அவன் பாசத்தில் குறை சொல்ல முடியாது. இன்னொன்று பட்டிக் கட்சி. "எதுக்கு சார் தகரத்தை வெட்டுறீங்க? பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சு, அடியில கறுப்பு அடிச்சுட்டா புதுசு மாதிரி ஆயிடும். முப்பத்தஞ்சாயிரத்துல முடிச்சுத் தர்ற ஆள் இருக்கார்" என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒருவர் இப்போது ஆசிரியராக இருக்கிறார். அவருக்குத்தான் முதலில் பதில்.

ஐயா, நீங்கள் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். மூன்று சோதனைக் குழாய், மூன்று ஆணி. ஒன்றில் சாதாரணத் தண்ணீர். ஒன்றில் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர், மேலே எண்ணெய். ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. ஒரு வாரம் கழித்து எந்த ஆணி துருப்பிடித்தது? நீங்கள்தான் எழுந்து பதில் சொன்னீர்கள். நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். அதில் உப்பும் சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும் என்று நான் சொன்னபோது வகுப்பே சிரித்தது. வேதாரண்யத்துப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்ன! 1930-ல் ராஜாஜி வந்து உப்பு அள்ளிய மண் இது. நான் அறுபத்தாறு வயதில் அதே உப்போடு என் கொட்டகையில் சத்தியாகிரகம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது. அந்தக் கொப்புளத்தை லேசாகத் தேய்த்துவிட்டு மேலே பட்டியை இழைத்தால், உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல் விட்டால் போதும், ஈரம் உள்ளே போய்விடும். போனது வெளியே வராது. வெளியே பளபளப்பு, உள்ளே பொடி.

இதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. நானே செய்த முட்டாள்தனம்.

இந்த வண்டி 1992 மாடல். 1984-ல் 'மாருதி வேன்' என்று வந்தது, 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறியது. நம் ஊரில் இன்றுவரை மாருதி வேன்தான். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன் இருக்கைக்கு அடியில் என்ஜின், கார்புரேட்டர். ஒரு மருத்துவரிடமிருந்து 1999-ல் எண்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கினேன். சொசைட்டிக் கடன், உங்கள் டீச்சரம்மாவின் இரண்டு வளையல், அவ்வளவுதான் முதலீடு. 2009-ல் கதவுகளின் அடிப்பக்கமும் சக்கர வளைவுகளும் பொரிந்துவிட்டன. டிங்கரிங் செய்பவர் இரண்டு வழி சொன்னார். வெட்டித் தகரம் வைத்தால் இருபத்திரண்டாயிரம், பட்டி என்றால் பதினாலாயிரம். அந்த வருஷம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம். நான் பட்டியைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவது ஐப்பசியில் அதே இடங்கள் மறுபடி வீங்கின.

அதைவிடப் பெரிய கூத்து போன வருஷம் கதவைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற ஒவ்வொரு கதவின் அடியிலும் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. பட்டி போட்டவர் அந்தத் துளைகளையும் சேர்த்து இழைத்து மூடியிருக்கிறார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று! ஒவ்வொரு மழைக்கும் கதவுக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. உங்கள் வீட்டில் எந்தக் கார் இருந்தாலும் சரி, இன்றைக்கே கதவின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். துளை மண்ணடைத்து இருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

அடுத்து 2022. பதிவைப் புதுப்பிக்க வேண்டும், எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்காக ஒரு பட்டறையில் வண்டியின் அடிப்பாகம் முழுக்கத் தாரைப் போல ஒரு கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தார்கள். துருவைச் சுரண்டவே இல்லை, அதன் மேலேயே அடித்துவிட்டார்கள். சோதனை செய்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கறுப்பாக, புதிதாக இருந்தது, திருப்தியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2023 மார்கழி. பேரப்பிள்ளைகள் இருவரும் பின்னால். தோப்புத்துறை தாண்டி வந்துகொண்டிருக்கிறேன், ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தால் மிதி முக்கால்வாசி இறங்கிவிட்டது. வண்டி அரைமனதாக வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சாலையோரம் குவித்திருந்த மணலில் கொண்டுபோய் ஏற்றினேன். ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்னவள் "தாத்தா, இன்னொரு தடவை" என்றாள். எனக்குக் கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மெக்கானிக் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய், அந்தக் கறுப்புப் பூச்சுக்கு உள்ளேயே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது.

பட்டிக் கட்சிக்காரர்களே, இப்போது சொல்லுங்கள். "புதுசு மாதிரி" என்ற வார்த்தையை இனி என்னிடம் சொல்வீர்களா? துரு வெளியே தெரிந்தால் மனிதன் பயந்து வண்டியை மெதுவாக ஓட்டுவான், பார்த்துச் சரிசெய்வான். மூடி வைத்தால் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவான். நான் கிளம்பினேன்.

அதன் பிறகு நான்கு மாதம் வண்டியைத் தொடவே இல்லை. காயலாங்கடையிலிருந்து ஆள் வந்தார். வண்டியின் எடை எண்ணூறு கிலோவுக்குள்தான். பதினெட்டாயிரம் தருவதாகச் சொன்னார். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். டீச்சரம்மாதான் தடுத்தாள். 2018 கஜா புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லாமல், கூரை இல்லாமல், வாசலில் கடல்தண்ணீர் நின்ற நாட்களில், திருவாரூர்ப் பக்கமிருந்து குடிதண்ணீர் கேன்களை ஏற்றி வந்து நம் தெருவுக்கே கொடுத்தது இந்த வண்டிதான். "அதை எடைக்குப் போடாதீங்க, முடிஞ்சா ஒழுங்கா பண்ணுங்க, இல்லேன்னா நிக்கட்டும்" என்றாள். உணர்ச்சிவசம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவள் சொன்னதில் 'ஒழுங்கா' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

கேட் செய்யும் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். பெயர் போட வேண்டாம் என்றான். வந்தான், ஒரு திருப்புளியை எடுத்துத் தரைத்தகட்டைத் தட்டினான். மூன்றாவது தட்டில் திருப்புளி உள்ளே போய்விட்டது. "சார், பட்டி போடணும்னா என்னைக் கூப்பிடாதீங்க. வெட்டணும்னா வர்றேன்" என்றான். ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாததற்காக அவனைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தவன் நான். கூலி வேண்டாம் என்று அடம் பிடித்தான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்களில் சிலர் குருபக்தி என்ற பெயரில் மாணவர்களிடம் ஓசியில் வேலை வாங்குகிறோம், அது ஒரு தனி வெட்கக்கேடு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். சுரண்டுவது, தேய்ப்பது, கழற்றுவது, பூசுவது நான். வெட்டுவதும் பற்றவைப்பதும் அவன். முதலில் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி, தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக்கூடாது என்று நான்கு பக்கமும் கனத்த இரும்பு ஸ்டாண்டு அவனே செய்து வந்தான். துரு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், நல்ல தகரம் வெள்ளையாக மின்னும் இடம் வரை வெட்டினோம். இருபது கேஜ் ஷீட்டில் முதலில் அட்டையில் அளவெடுத்துப் பிறகு வெட்டினோம். பற்றவைக்கும்போது ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒரு பொட்டு. பிறகு எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரத்துக்குள் மெழுகு கலந்த எண்ணெய். பிரேக் குழாய்கள் எல்லாம் புதிது. உப்புத்தாள் பிடித்துப் பிடித்து என் கைரேகையே போய்விட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் என்னை ஆள் இல்லை என்கிறது!

செலவு எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு, நோட்டில் எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன். தகரம் 3,150. கிரைண்டர் 2,400. சக்கரம், கம்பி பிரஷ், உப்புத்தாள் 1,900. வெல்டிங் கூலி ஆறு நாளுக்கு 7,200. பிரைமர், சீலர் வகையறா 4,850. காயலாங்கடையில் எடுத்த கதவும் ரப்பர்களும் 3,600. நான்கு டயர் 11,200. பிரேக், பெட்ரோல் குழாய் 3,400. பெயின்ட்டும் வாடகைக் கம்ப்ரசரும் 4,600. மொத்தம் 42,300 ரூபாய், பதினாலு மாதத்தில். மாதம் மூவாயிரம் பென்ஷனிலிருந்து. பட்டிக்காரர் கேட்டதைவிட ஏழாயிரம்தான் அதிகம். மாதாமாதம் முடிந்த அளவு செய்ததால்தான் இது சாத்தியமானது. பட்டறையில் விட்டிருந்தால் இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

இப்போது காயலாங்கடைக் கட்சிக்கு வருகிறேன். "பதினஞ்சு வருஷம் ஆனா சட்டப்படி உடைக்கணும் சித்தப்பா" என்று எழுதியிருக்கிறான் அண்ணன் மகன். தப்பு. டெல்லிப் பக்கம் கட்டுப்பாடு வந்ததை எல்லா ஊருக்கும் போட்டுக் குழப்பாதே. 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருஷத்தைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவுதான் ரத்தாகிறது. நம் ஊரில் சொந்த வண்டியை, தகுதி இருந்தால், ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் அதற்கான கட்டணத்தைப் பார். 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. நான் கட்டினேன். இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். 2027-ல் கட்டுவேன்.

வேடிக்கை என்னவென்றால், ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' என்று தனிப் பதிவெண்ணே உண்டு. அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். ஐம்பது வருஷம் ஒரு வண்டியைக் கொட்டகையில் வைத்துக் காப்பாற்ற யாரால் முடியும்? பங்களா உள்ளவரால் முடியும். அவருடையது பாரம்பரியம். முப்பத்துமூன்று வயதான என் வேன், தினமும் உழைத்ததால், குப்பை. கட்டணத்தை வயதைப் பார்த்து வாங்குகிறார்களே, குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்து வாங்கட்டுமே! ஒழுங்காகப் பார்த்திருந்தால் 2022-லேயே என் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். நன்றி சொல்லியிருப்பேன்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கார்புரேட்டர் வண்டி இன்றைய வண்டியைவிட அதிகம் புகை விடும், உண்மை. முன்னால் மோதினால் நம் முழங்கால்தான் பம்பர், அதுவும் உண்மை. 2019-ல் இந்த வேனின் தயாரிப்பையே நிறுத்தியதற்குப் பாதுகாப்பு விதிகளும் ஒரு காரணம். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதை எடுத்துக்கொண்டு பறக்கப்போவதில்லை. சந்தை, மருத்துவமனை, கோடியக்கரை, அவ்வளவுதான். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்று மகளுக்கு எழுதியே கொடுத்திருக்கிறேன். மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்காக ஆறு லட்சத்தில் புதிய கார் வாங்கினால், அதைச் செய்யவும் எங்கோ நிலக்கரி எரியத்தான் செய்யும் தம்பி.

பணம் அனுப்புகிறேன் என்றாயே, அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். காரை விடு. உன் அத்தை வீட்டுக் கான்கிரீட் கூரையில் கம்பி துருப்பிடித்துச் சிமெண்ட் பெயர்ந்து விழுகிறது. போன வாரம் கொத்தனார் வந்து, மேலே பூசி வெள்ளை அடித்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பெயர்ந்த இடத்தை உடைத்துக் கம்பியைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பூச வேண்டும். அதற்கு அனுப்பு.

இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. இடதுபக்கத் தள்ளுகதவின் கீழ் உருளை தேய்ந்துவிட்டது. கதவு பாதியில் சிக்குகிறது. நாகப்பட்டினத்திலும் திருத்துறைப்பூண்டியிலும் தேடிவிட்டேன், பழைய மாடலுக்கு ஏற்றது கிடைக்கவில்லை. சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், அளவும் படமும் அனுப்புகிறேன். விலையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓசி வேண்டாம்.