ஊனச் சான்றிதழுக்கு மருத்துவரிடம் கேட்க வேண்டியது

பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் செயலிழந்த குடும்பத் தலைவருக்கு அரசின் உதவித்தொகை கிடைக்குமா, அதற்கு டாக்டரிடம் எதை வாங்கி வருவது என்று தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அன்பர்கள் கேட்டிருக்கின்றனர். இவ்வாறு கேட்க வருவோர் பெரும்பாலும் கையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள். 'இவருக்குப் பூரண ஓய்வு தேவை' என்று அதில் ஒரு வரி இருக்கும். கீழே கையொப்பமும் முத்திரையும் இருக்கும். வேலை பார்க்கும் இடத்தில் விடுப்புப் பெற அது உதவலாம். உதவித்தொகைக்கு அது ஒரு காசும் பெற்றுத் தராது.

காரணம் எளிது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி ஊனத்தின் அளவைச் சதவீதமாக நிர்ணயிக்கும் அதிகாரம் அரசு நியமித்த மருத்துவக் குழுவுக்கே உண்டு. சலுகைகளில் பெரும்பாலானவை 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரியவை. நமக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போய், "எப்படியாவது நாற்பதுக்கு மேல் போட்டுத் தாருங்கள் ஐயா" என்று கெஞ்சுவது வீண். அவருக்கும் அது தர்மசங்கடம். அவர் இவ்விஷயத்தில் சாட்சி சொல்பவர்; தீர்ப்பு வேறிடத்தில். ஆயினும் சாட்சி நன்றாக இருந்தால்தான் தீர்ப்பும் சரியாக அமையும்.

ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது சதவீதத்தை அன்று, விவரத்தை. நோயின் பெயர், அது தொடங்கிய தேதி, எங்கெங்கே என்னென்ன சிகிச்சை நடந்தது, இப்போது உடல்நிலை எவ்வாறுள்ளது, இனி மாறக்கூடுமா என்பவை கடிதத்தில் இடம்பெற வேண்டும். இவற்றிலும் முக்கியமானது, அந்த மனிதரால் எதைச் செய்ய இயலவில்லை என்பது. 'வலப்புறம் பலவீனம்' என்று எழுதுவதற்கும், 'வலக்கையால் தம்ளரைப் பிடிக்க இயலாது. சுவரைப் பற்றாமல் பத்தடி நடக்க இயலாது. படியேற ஒருவர் துணை வேண்டும்' என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்களே உணரலாம். டாக்டருக்கு நேரமில்லை என்று நொந்துகொள்வதில் பயனில்லை. வரிசையில் காத்திருக்கும் நாற்பது பேரும் அவருக்கு நோயாளிகளே. வீட்டிலேயே ஒரு தாளில் இவற்றைக் குறித்து எடுத்துச் சென்று அவர்முன் வையுங்கள். தாம் பரிசோதித்து ஒப்புக்கொண்டவற்றை அவர் எழுதித் தருவார். எழுத மறுப்பவற்றை வற்புறுத்தக் கூடாது.

இனிப் பழைய காகிதங்கள். நம் குடும்பங்களில் நோய் ஓரிடத்திலும் வாழ்க்கை வேறிடத்திலுமாக இருப்பது வழக்கம். விபத்து மும்பையில் நேர்ந்திருக்கும். அறுவைச் சிகிச்சையைச் சொந்த ஊர்ப் பக்கம் போய்ச் செய்துகொண்டிருப்பார்கள். அந்தக் காகிதங்கள் அண்ணன் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். அவற்றை வரவழைத்துக் கொள்ளுங்கள். தொலைந்திருந்தால் ஆஸ்பத்திரியையே எழுத்து மூலம் கேட்கலாம். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளை வழங்க வேண்டும். ஆனால் உள்நோயாளிகளின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் வைத்திருப்பதே அவ்விதிகள் கூறும் கட்டாயம். காலம் கடந்தபின் கிடைத்தால் அது நம் அதிர்ஷ்டம். சென்ற ஆண்டு சிகிச்சை பெற்றவர்கள், சான்றிதழ் தேவையோ இல்லையோ, இப்பொழுதே கேட்டு வாங்கி வைப்பது நலம்.

பெயர் விவகாரம் நமக்கே உரிய தொல்லை. ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'கே. முருகன்' என்றிருக்கும். ஆதார் அட்டையில் தகப்பனார் பெயர் விரிந்து 'முருகன் கருப்பையா' ஆகியிருக்கும். இங்குள்ள எழுத்தர் எதைக் குடும்பப் பெயராகக் கொண்டாரோ அதன்படி ரேஷன் அட்டையில் 'கருப்பையா முருகன்' என்று பதிந்திருக்கும். மூவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். பரிசீலிக்கும் அலுவலருக்குத் தெரிய நியாயமில்லை. புதிதாக வாங்கும் மருத்துவக் கடிதத்திலாவது ஆதாரில் உள்ள பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

குழுவின்முன் நிற்கும் நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பல குடும்பங்கள் தோற்பது அங்கேதான். "இவர் தாமே குளிப்பாரா?" என்று டாக்டர் இந்தியில் கேட்கிறார். உடன் வந்த மனைவி, "ஹாங் ஜி" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. முக்காலி போட்டு உட்கார வைத்து, வெந்நீரை விளாவி, முதுகு தேய்த்து, வேட்டி கட்டிவிடுவது அவர்தான். கணவர் தம் கையால் நான்கு செம்பு ஊற்றிக்கொள்கிறார், அவ்வளவே. அந்த முக்காலியும் முதுகும் வேட்டியும் தமிழிலேயே தங்கிவிடுகின்றன. இந்தியில் வெளிவந்தது 'ஆம்' ஒன்றுதான். மொழியோடு மானமும் சேர்ந்துகொள்கிறது. அந்நியர் எதிரில் கணவரைக் குறைத்துப் பேச நம் பெண்களுக்கு நா எழுவதில்லை. நோயாளியோ அன்று பார்த்துச் சலவைச் சட்டை அணிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறார்! மிகைப்படுத்தச் சொல்லவில்லை, அது குற்றமும் ஆகும். மற்ற நாட்களில் எப்படி நடப்பாரோ அப்படி நடந்தால் போதும்; ஊன்றுகோல் பிடிப்பவர் ஊன்றுகோலுடன் செல்க. இந்தியோ மராத்தியோ சரளமாகப் பேசும் மகனையோ மருமகளையோ கூட அழைத்துச் சென்று, 'ஆம், ஆனால் இன்னின்ன உதவியுடன்' என்று முழு வாக்கியமாகச் சொல்லச் செய்க.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில் இரண்டைச் சேர்த்துக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. சாதாரணக் கூட்டல் அன்று. 30 சதவீதமும் 20 சதவீதமும் சேர்ந்தால் 50 ஆகாமல் ஏறக்குறைய 43 ஆகும். ஆயினும் 40ஐத் தாண்டிவிட்டது அல்லவா? காலைக் காட்டிவிட்டுக் காது கேளாததைச் சொல்லாமல் வருபவர் இந்த வாய்ப்பை இழக்கிறார். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபத்தொன்று. பார்க்கின்சன் நோய், தலசீமியா, ஹீமோபிலியா ஆகியவையும் இப்போது அடங்கும் என்பதைப் பலர் அறியார்.

விண்ணப்பம் 'சுவாவலம்பன்' இணையதளம் வழியே செல்கிறது. முகவரிச் சான்றில் எந்த மாவட்டம் உள்ளதோ அங்கோ, இக்குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலோ கேட்கலாம். இதற்கென்றே ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. எங்கே வாங்கினாலும் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். உதவித்தொகை அப்படியன்று. மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 18 முதல் 79 வயது வரையிலான, 80 சதவீத ஊனம் உள்ளவர்களுக்கு உரியது. அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். அதற்குமேல் தருவது மாநிலத்தைப் பொறுத்தது. மாநிலங்களின் திட்டங்கள் குடியிருப்புச் சான்று கேட்கும். முகவரியை ஊரிலேயே வைத்துக்கொண்டு இங்கே வாழும் குடும்பங்கள், எந்த மாநிலத்தில் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளட்டும்.

குழு அளித்த சதவீதம் குறைவு என்று கருதினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடமளிக்கிறது. அவ்வேளையில் வெறும் மனக்குறையை எழுதினால் போதாது. முதல் பரிசோதனையில் காட்டாத எக்ஸ்ரே, செவித்திறன் அளவைத் தாள், டாக்டரின் விரிவான கடிதம் முதலிய ஏதேனும் புதிய ஆதாரம் உடன் இருக்க வேண்டும். எந்த அலுவலகத்திலும் நகல்களையே கொடுங்கள். மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.