மீண்டும் ஜீனோ: ஒரு வாசகனின் மனக்குறை

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை வாசித்தவர்கள் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வைத் தேடாமல் இருக்க முடியாது. நானும் தேடினேன். ஆனால் உம்பாயில் தமிழ்ப் புத்தகக் கடைக்கு எங்கே போவது? எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ஈக்கான் பாக்கார் சாப்பிடத்தான் வருகிறார்கள். பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு மூத்த மாணவி ஒருவரிடம் இரவல் வாங்கித்தான் இந்த நாவலை ஒரே இரவில் படித்து முடித்தேன். "ஜீனோ எப்படி?" என்று அக்கா கேட்டார். "ஜீனோவைப் பிடித்திருக்கிறது, நிலாவைத்தான் பிடிக்கவில்லை" என்றேன். அந்தப் பதிலுக்கு விளக்கம் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது முயல்கிறேன்.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை இது. நடப்பது 2021ஆம் ஆண்டை ஒட்டிய இந்தியாவில். நாட்டை ஆள்பவர் ஜீவா என்னும் சர்வாதிகாரி. மக்களுக்கு எண்கள் உண்டு. பெயர்கள் இரண்டே எழுத்து. குழந்தை பெற அனுமதி வேண்டும். ஒருவர் எவ்வளவு காலம் வாழலாம் என்பதுகூட அரசின் கையில். காணாமற்போன கணவன் சிபியைத் தேடிப் புறப்படும் நிலாவுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணையாகிறது. அது பேசும், புத்தகம் படிக்கும், கிண்டலும் செய்யும். ஜீவா என்று ஒருவர் இல்லவே இல்லை, எல்லாரும் கும்பிட்டது ஒரு பிம்பத்தை என்று தெரியவரும் இடம் தமிழ் அறிவியல் புனைகதையில் மறக்க முடியாத கட்டம். அந்தப் பிம்பத்தை உடைத்த ரவியும் மனோவும் நிலாவை ராணியாக்கிவிட்டுப் பின்னால் நின்று ஆட்டுவிக்கிறார்கள். அங்கிருந்துதான் 'மீண்டும் ஜீனோ' வளர்கிறது. (கடைசி அத்தியாயத்தை இங்கே உடைக்கமாட்டேன். படிக்காத முதலாம் ஆண்டு மாணவர்கள் இருக்கிறார்கள்.)

கதைவேகத்தில் முதல் நாவலே சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கேள்வியின் கனத்தில் இரண்டாவதே பெரியது. கொடுங்கோலன் போன பிறகு யார் ஆள்வது? இந்தக் கேள்வியை எழுப்பியவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அப்பணியில் பங்குகொண்ட பொறியாளர். ஆகவே நான் அதிகம் எதிர்பார்த்துவிட்டேன் போலும். நிலா தன் காலில் நிற்பாள் என்று பக்கம் பக்கமாகக் காத்திருந்தேன். அவளோ நெருக்கடி வந்தபோதெல்லாம் ஜீனோவைத் தேடுகிறாள். இரண்டு ஆண்களின் கையிலிருந்த கயிறு ஓர் அன்பான இயந்திரத்தின் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஜீனோ நல்லது என்பதால் நமக்கு அது உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது.

இன்னொரு குறை, மக்கள். நாவல் முழுவதும் அவர்கள் கூட்டமாகவே வருகிறார்கள். கைதட்டுகிறார்கள், ஆர்ப்பரிக்கிறார்கள். எண் வாங்க வரிசையில் நின்ற ஒரு கிழவியின் முகத்தைச் சுஜாதா கொஞ்சம் அருகில் காட்டியிருக்கக்கூடாதா?

அந்தக் கிழவியை எனக்குத் தெரியும். அவர் என் பாட்டி. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெயரைப் பதிந்தபோது யாரோ ஒருவர் ரோமன் எழுத்தில் ஓரெழுத்தை விழுங்கிவிட, அது வேறு பெயராகவே ஆகிவிட்டது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாததால் ஆட்சேபம் சொல்ல வழியில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளியவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! இரண்டெழுத்துப் பெயரைப் படித்துத் தமிழ்நாட்டு வாசகன் வியந்திருக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பழைய செய்தி.

நிஜமான 2021ஆம் ஆண்டும் வந்தது. பெருந்தொற்றுக் காலம். கடை வாசலில் மைசெஜாத்திராவில் குறியீட்டை வருடி, திரையைக் காட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். 2022 மே மாதம்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. நோயைத் தடுக்க அது தேவைப்பட்டது, குறைசொல்லவில்லை. ஆனால் பாட்டியிடம் அத்தகைய கைப்பேசி கிடையாது. மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பெயரையும் எண்ணையும் எழுதச் சொன்னார்கள். அந்த வாசலில் ஜீனோ வந்திருந்தால் ஒரு நொடியில் வேலையை முடித்திருக்கும். இன்று நம் கைப்பேசிக்குள்ளேயே ஜீனோவைப் போல் பேசும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கேட்டால் கட்டுரைகூட எழுதித் தருகின்றன. நம்மில் சிலர் கேட்கவும் செய்கிறோம்!

அன்று பாட்டிக்காகப் பேனாவை நான் எடுத்தேன். "எந்தப் பேர எழுதுற?" என்றார் பாட்டி. அட்டையில் உள்ளதை எழுதினேன்.